நாற்பதில் வருகிற சத்தம்

கசில்டா யூகோவின் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு வண்டி கொண்டு வருகிறவர்கள் உடனே வாயைத் திறக்கக் கூடாது. அங்கே அது சட்டம். எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். "முதல்ல அது சொல்லட்டும், அப்புறம் நீங்க சொல்லுங்க" என்பாள். பேசாமல் நிற்பது ஆண்களுக்குப் பெரும்பாடு. "அக்கா, இது வால்வு சத்தம்தான், எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஆரம்பிப்பார்கள். "நல்லாத் தெரிஞ்சா நீங்களே போய்ச் சரி பண்ணிக்கோங்க" என்று திரும்பி உள்ளே போய்விடுவாள். போனவளைக் கெஞ்சிக் கூப்பிட்டு வர வேண்டியிருக்கும்.

ஒரு முழ நீளத் திருப்புளிதான் அவளுடைய கருவி. அதன் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் வந்து சூடேறியதும் போகிற தட்டல் என்றால் பிஸ்டன் தளர்ந்திருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். சூடேறிய பிறகு வருகிற தட்டல் என்றால் கனெக்டிங் ராடு போகப் போகிறது, வீட்டுக்குக்கூட ஓட்டிப் போகாதே. மேலே மெலிசாக டிக் டிக் என்றால் டேப்பெட். பக்கவாட்டில் எதையோ அரைப்பதுபோல் வந்தால் டைமிங் செயின். இதையெல்லாம் பொலிவியாவின் இந்த த்ரினிதாத் ஊரில் எல்லா மெக்கானிக்கும் சொல்லிவிடுவான். அவர்கள் கைவிரித்த பிறகு வருகிற சத்தங்கள்தான் கசில்டாவிடம் வரும்.

அவளுக்கு இந்தக் காது வந்தது பட்டறையில் அல்ல, மமோரே ஆற்றில். அப்பாவுக்கு மாடு ஏற்றிப் போகிற படகு. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் ஏழு வயதிலிருந்து மகளும் படகில்தான். இரண்டு பகல் ஒரு இரவு ஆற்றில் போகையில் மத்தியான வெயிலில் அப்பா தூங்குவார். எஞ்சினுக்குப் பக்கத்தில் படுத்திருந்து, சத்தம் மாறினால் அவரை எழுப்புவது கசில்டாவின் வேலை. ஒன்பது வயதில் ஒருநாள் அவளும் தூங்கிவிட்டாள். எண்ணெய் வற்றி, பேரிங் எரிந்து, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பதினோரு மாட்டோடு படகு இரண்டு நாள் ஆற்றின் போக்கில் போயிற்று. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்த இரண்டு நாளும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஆழ்ந்து தூங்கியதே கிடையாது.

பட்டறை முதலில் புருஷன் ரொமூலோவுடையது. அவன் வாசலில் வண்டியைப் பிரித்துக்கொண்டிருப்பான். இவள் அடுப்படியில் வாழைக்காயை இடித்துக்கொண்டே, "அங்க இல்ல ரொமூலோ, அது கிளட்ச் பக்கம்" என்பாள். சொன்னால் சொன்னபடி இருக்கும். ஆரம்பத்தில் அவனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வண்டிக்காரர்கள் அவனைத் தாண்டி அடுப்படியை எட்டிப் பார்த்து, "அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பொலிவியாவே காலியாகிவிடும்போல எல்லோரும் ஸ்பெயினுக்குக் கிளம்பிய வருஷம் அவனும் கிளம்பினான். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவன், மூன்றாம் வருஷம் போன் எடுப்பதை நிறுத்தினான். அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்று பத்தொன்பது வயதில் மகள் தானியாவும் போனாள். அப்பாவைக் கண்டுபிடித்தாள், கூட்டி வரவில்லை. அவளும் வரவில்லை. வலென்சியாவில் ஒரு வயதான அம்மாளுக்குத் துணையாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

"என்னம்மா விசேஷம்?"

"ஒண்ணும் இல்லடி."

இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

பட்டறையில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம்தான். ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள், எடுக்க வருவார்கள். யாருக்கும் அவளிடம் பேச எஞ்சினைத் தவிர வேறு விஷயம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஊரே இரண்டிரண்டு பேராக, குழந்தையோடு நான்கு பேராக வண்டியேறிச் சதுக்கத்தைச் சுற்றும். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில், எங்கும் போகாமல், சும்மா சுற்றிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துக் கையாட்டுவார்கள். ஒற்றை ஆளாகப் போய்ச் சுற்றினால் ஒருமாதிரி இருக்கும் என்று கசில்டா போவதில்லை. அவளிடம் ஓட்டிப் பார்க்கிற வண்டிகள் நிறைய இருந்தன. ஏறிச் சுற்ற ஒரு வண்டி இருந்ததில்லை.

எவாரிஸ்டோ வந்தது ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. தேவாலயத்துக்குப் பின்தெருவில் முடிதிருத்தகம் வைத்திருப்பவர். அறுபத்து மூன்று வயது, ஒல்லி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சிவப்பு நிற வண்டி, நூற்றிருபத்தைந்து சி.சி., பதினாலு வருஷப் பழசு. அதைத் துடைத்து வைத்திருந்த விதத்தில் ஒரு கண்ணாடிபோல் இருந்தது. அவரும் வாயைத் திறக்கவில்லை. யாரோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

கசில்டா திருப்புளியை வைத்துக் கேட்டாள். ஆக்சிலேட்டரை முறுக்கிக் கேட்டாள். சைலன்சர் பக்கம் குனிந்து கேட்டாள். எஞ்சின் சர்க்கரைப் பாகாக ஓடியது.

"இப்ப சொல்லுங்கண்ணே."

"நிக்கறப்ப வராதும்மா. ஓடறப்பதான். நாப்பதுல போனா டிக்கிடிக்கிடிக்குன்னு ஒரு சத்தம். முப்பத்தஞ்சுல இல்ல, நாப்பத்தஞ்சுல இல்ல. மார்ச் மாசத்துலேர்ந்து. ரெண்டு பேருகிட்ட காட்டிட்டேன். ஒருத்தன் டைமிங் செயினை மாத்தினான். இன்னொருத்தன் தலையவே பிரிச்சு வால்வு உக்கார வெச்சான். சத்தம் அப்படியே இருக்கு."

"பிரிச்சவன் என்ன சொன்னான்?"

"என் தலையில கோளாறுன்னு சொன்னான். நேரடியா சொல்லல. பார்வையில சொன்னான்."

கசில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வண்டியை வாங்கித் துறைக்குப் போகிற சாலையில் ஒரு சுற்று விட்டாள். நாற்பதில் வந்தது. டிக்கிடிக்கிடிக்கிடிக்கி. அவர் சொன்னது சொன்னபடியே. கிளட்சைப் பிடித்து எஞ்சினைத் தணியவிட்டாள். வண்டி அதே வேகத்தில் உருண்டது, சத்தம் இல்லை. மூன்றாவது கியரில் போட்டு முப்பதில் ஓட்டினாள். எஞ்சின் அதே அளவு முறுக்கேறியதும் சத்தம் திரும்பி வந்தது. ஆக, சக்கரத்தில் இல்லை, செயினில் இல்லை. எஞ்சின் ஓட்டத்தோடுதான் வருகிறது. மற்ற இருவரும் ஏன் எஞ்சினைப் பிரித்தார்கள் என்பது புரிந்தது. அவளாக இருந்தாலும் பிரித்திருப்பாள்.

திரும்பி வந்து, "அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து கேக்குறேன். ஓட்டிக்கிட்டே குனிஞ்சு கேக்க முடியல" என்றாள்.

எவாரிஸ்டோ தயங்கினார். கைக்குட்டையால் பின்சீட்டை ஒருமுறை துடைத்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள் கசில்டா. முதல் பள்ளத்திலேயே கை தானாக அவர் தோளுக்குப் போயிற்று. சட்டையில் பவுடரும் சவரத்துக்குப் போடுகிற ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. துறைச் சாலையின் கரை மேல் ஏறியதும் இரண்டு பக்கமும் வெள்ளம் வடியாத புல்வெளியும் வெள்ளைக் கொக்குகளும் காற்றும். கடைசியாக ஒருவர் பின்னால் உட்கார்ந்து போனது எப்போது என்று எண்ணிப் பார்த்தாள். ரொமூலோவை விமான நிலையத்தில் விடப் போனதுதான். முதல் அரைக் கிலோமீட்டர் அவள் எஞ்சினைக் கேட்கவே இல்லை.

"வருதாம்மா?" என்று அவர் காற்றில் கத்தினார்.

அப்போதுதான் கேட்டாள். "எவ்வளவுல போறீங்க?"

"நாப்பது!"

ஒன்றும் வரவில்லை. போய்த் திரும்பினார்கள், அவள் ஓட்டி, அவர் பின்னால் உட்கார்ந்தும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எவாரிஸ்டோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "டாக்டரைப் பாத்ததும் நோவு போயிடுச்சுங்கற புள்ள மாதிரி நடிக்குது பாருங்க. நான் தனியாப் போனா மட்டும் பேசும்."

"விட்டுட்டுப் போங்கண்ணே. சனிக்கிழமை வாங்க" என்றாள் கசில்டா.

அன்றிரவு அவளுக்கு வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் குறைவான தூக்கம். ஒரு ஆள் என்றால் வருகிறது, இரண்டு ஆள் என்றால் இல்லை. பாரம் ஏறினால் சட்டம் கொஞ்சம் இறங்கும். எங்கேயோ உரசுவது உரசாமல் விலகும். சைலன்சர் பிடியாக இருக்கலாம். எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டில் விரிசல் இருக்கலாம். பாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்துக் கடை நெமேசியா அரிசியும் விற்பாள், காலையில் சூடாகச் சீஸ் வைத்த குன்யாப்பே ரொட்டியும் சுட்டு விற்பாள். வெள்ளிக்கிழமை காலை கசில்டா அவளிடம் போய் ஒரு மூட்டை அரிசி கேட்டாள்.

"தனி ஆளுக்கு ஒரு மூட்டை எதுக்கு? யாருக்குக் கல்யாணம்?"

"திங்கறதுக்கு இல்ல. வண்டியில வெச்சு ஒரு சுத்து சுத்திட்டுத் தரேன்."

நெமேசியா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், ஒரு நாயாவது வளருன்னு."

"தர்றியா இல்லியா?"

"எடுத்துக்கோ. கிழிஞ்சு கொட்டினா ஒவ்வொரு அரிசியா நீதான் பொறுக்கணும்."

ஒரு ஆள் எடை இருக்கும் மூட்டையைப் பின்சீட்டில் நிற்கவைத்துப் பழைய டியூபால் இறுகக் கட்டினாள் கசில்டா. முனையில் வாடகை வண்டிக்காரர்கள் நான்கைந்து பேர் மஞ்சள் சட்டையில் சவாரிக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் வாய்க்குத் தப்பிப் போக அந்தத் தெருவில் வேறு வழி கிடையாது.

"கசி அக்கா! மாப்பிள்ளை யாரு? அறிமுகப்படுத்தாமப் போறீங்க!"

"குண்டா இருக்காருப்பா. நல்லாச் சாப்பிடுவாரு போல."

"அக்கா, பேசவே மாட்டேங்குறாரே!"

கசில்டா வண்டியை நிறுத்திக் காலூன்றினாள். "பேசாத மாப்பிள்ளைதான்டா நல்ல மாப்பிள்ளை. சந்தேகம்னா உன் பொண்டாட்டியக் கேட்டுப் பாரு."

மற்றவர்கள் அவன் முதுகில் அடித்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் கரை மேல் ஏறினாள். நாற்பதைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. டிக்கிடிக்கிடிக்கிடிக்கி. மூட்டை இருந்தும் சத்தம் வந்தது.

அப்படியானால் பாரம் இல்லை. எஞ்சின் போல்ட், சைலன்சர் பிடி என்று இரவெல்லாம் போட்டு வைத்திருந்த கணக்கு மொத்தமும் போயிற்று. மூட்டையிடம் இல்லாதது மனிதரிடம் என்ன இருக்கிறது? மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து வாழைக்காயை இடித்துச் செய்த மசாக்கோவைப் பிசைந்து தின்றுகொண்டே அந்த வண்டியைப் பார்த்தாள். நெமேசியா மூட்டையைக் கேட்க வந்தாள். வந்தவள், நின்றிருந்த வண்டியின் பின்சீட்டில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து, கசில்டாவின் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள்ளை சரிப்படலியா?"

நெமேசியாவின் இரண்டு பாதங்களும் காற்றில் தொங்கி, தேடி, பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற கம்பியின் மேல் போய் அமர்ந்ததைக் கசில்டா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கு."

"ஏன், நான் மட்டும் உக்காரக் கூடாதா?"

"இறங்கு நெமேசியா, கால்தான். கால்!"

நெமேசியா முனகிக்கொண்டே இறங்கினாள். கசில்டா குந்தி உட்கார்ந்து அந்தக் கம்பியை விரலால் ஆட்டினாள். கம்பியைச் சட்டத்தோடு கோர்க்கிற ஆணியின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டிருந்தது. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட ஓட்டத்துக்கு வரும்போது அந்த அதிர்வுக்குக் கம்பி ஆடி, இரும்பில் இரும்பு தட்டுகிறது. ஒரு பாதம் அதன்மேல் இருந்தால் அமுங்கிக் கிடக்கும். பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டினால் அதிர்வு தரைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பட்டறையில் யாருக்கும் கேட்கவில்லை. கம்பியை மடக்கித் துணியால் கட்டிவிட்டு, தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. அவிழ்த்து விட்டாள். வந்தது.

கண்டுபிடித்த சந்தோஷத்தோடுதான் பட்டறைக்குத் திரும்பினாள். துடைப்பதற்காக இரண்டு பக்கமும் பார்த்தபோதுதான் மற்றது கண்ணில் பட்டது. வலதுபக்கக் கால்கம்பி புதுசாக, தொழிற்சாலைப் பெயின்ட் போகாமல் இருந்தது. இடதுபக்கக் கம்பியின் ரப்பர் மட்டும் இரும்பு தெரியும் வரை தேய்ந்து, நடுவில் ஒரு குதிகால் அளவுக்குக் குழிந்திருந்தது. பதினாலு வருஷமும் ஒரே ஆள், ஒரே பக்கம், ஒருக்களித்து உட்கார்ந்து வந்திருக்கிறார். மார்ச் மாதத்திலிருந்து யாரும் உட்காரவில்லை. கம்பியை மட்டும் யாரும் மடக்கவில்லை.

"எவாரிஸ்டோ வீட்டுல யாரும் தவறிட்டாங்களா?" என்று நெமேசியாவிடம் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? டெல்ஃபினா போயிட்டாளே. மார்ச்சுல, வெள்ளத்தப்ப. கல்லறைக்குப் படகுலதான் கொண்டு போனாங்க. நீ எந்த ஊர்ல இருக்க?"

சத்தம் பிடிபட்டுவிட்டது என்று எவாரிஸ்டோவுக்கு அன்றைக்கே சொல்லி அனுப்பியிருக்கலாம். கசில்டா சொல்லி அனுப்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு எவாரிஸ்டோ நடந்தே வந்தார். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவரைப் பார்த்ததும் மறந்துபோய், வழக்கமாகச் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"எஞ்சின்ல ஒரு குறையும் இல்லண்ணே. இது இன்னும் பத்து வருஷம் ஓடும். பின்னாடி உக்கார்றவங்க கால் வைக்கிற கம்பி. இடதுபக்கம். ஆணி ஓட்டை தேஞ்சிருக்கு. மேல கால் இருந்தா சத்தம் வராது."

"கால் இருந்தா வராதா?"

"ஆமாண்ணே."

அவர் கால்சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். ரப்பரின் குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"அவளுக்கு முட்டி மடங்காது. சின்ன வயசுல மாடு தள்ளி விட்டது. அதனால ஒருக்களிச்சுத்தான் உக்காருவா" என்றார். பிறகு, "ரெண்டு பேரு எஞ்சினைப் பிரிச்சாங்க. பின்னாடி யாரு உக்காருவாங்கன்னு ஒருத்தன்கூடக் கேக்கல."

"நானும் கேக்கலியே அண்ணே."

"நீங்க அரிசி மூட்டையக் கேட்டீங்களாமே. கடையில முடி வெட்டிக்க வந்தவன் சொன்னான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மடக்கி வெச்சாலே போதும். இல்லன்னா ஓட்டையை அடைச்சுப் புதுசா துளை போட்டு, ஆணியும் வாஷரும் போட்டுத் தரேன். திறந்தே இருந்தாலும் சத்தம் வராது" என்றாள் கசில்டா.

"திறந்தே இருக்கட்டும்மா."

வேலை முக்கால் மணி நேரம் எடுத்தது. அவர் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். டெல்ஃபினா ஒருநாளும் வாயால் வழி சொன்னதில்லையாம். மெதுவாகப் போகச் சொல்ல வேண்டுமென்றால் குதிகாலால் கம்பியை ஒரு தட்டு, நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு தட்டு. "ஓட்டினது நான்னு ஊரு நெனச்சிக்கிட்டிருந்தது" என்றார். சதுக்கத்தைச் சுற்றும்போது யார் புது வண்டி வாங்கியிருக்கிறார்கள், யாரோடு யார் வருகிறார்கள் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவாளாம். திரும்பிப் பார்த்தால் முதுகில் குத்துவாளாம். கசில்டா வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, அரத்தால் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவளும் படகையும் பதினோரு மாட்டையும் சொன்னாள். ரொமூலோவிடம்கூடச் சொல்லாத கதை அது. "ரெண்டு நாள் பேசாமயா?" என்று எவாரிஸ்டோ கேட்டார். "அப்புறம் முதல் வார்த்தை என்ன சொன்னாரு?" இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் யோசித்துப் பார்த்தாள். "பசிக்குதான்னு கேட்டாரு" என்றாள்.

வண்டி தயாரானது. அவர் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்து தலையாட்டினார். சத்தம் போய்விட்டது. வண்டியிலிருந்து இறங்காமலே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் கழித்து மறுபடியும் வந்தார். ஒரு திங்கட்கிழமை. கசில்டாவுக்கு அன்று மூச்சுவிட நேரமில்லை. வாசலில் மூன்று வண்டி, உள்ளே ஒன்று பிரித்துக் கிடந்தது. அவர் வண்டியின் கைப்பிடியில் ஒரு துணிப்பொட்டலம் தொங்கியது.

"புதுசா ஒரு சத்தம்மா. விசில் மாதிரி. மெலிசா."

திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தாள். நிறுத்திக் கேட்டாள், முறுக்கிக் கேட்டாள், கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஊரிலேயே ஒழுங்காக ஓடுகிற வண்டி அதுவாகத்தான் இருக்கும்.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்லா இருக்கு. சும்மா கவலைப்படாதீங்க."

"அப்படியா?"

"ஆமா. விசிலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் வாசலில் நின்ற மூன்று வண்டிகளையும் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் காதுல கேக்குது போல. வரட்டுமாம்மா?" என்றார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, கசில்டா பிரித்துப் போட்டிருந்த வண்டிக்குத் திரும்பினாள்.

அன்று மாலையே தெற்கிலிருந்து குளிர்காற்று அடிக்க ஆரம்பித்தது. வருஷத்தில் நாலைந்து தடவை அப்படி அடிக்கும். ஊர் கதவைச் சாத்திக்கொண்டு, இருக்கிற சட்டையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். மூன்று நாள் பட்டறைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. நான்காம் நாள் வெயில் வந்ததும் நெமேசியா கடை திறந்தாள். கசில்டா குன்யாப்பே வாங்கப் போனாள்.

"என்ன, திங்கட்கிழமை குடுத்ததெல்லாம் அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றாள் நெமேசியா.

"எதைச் சொல்ற?"

"எவாரிஸ்டோ வாங்கிட்டு வந்தாரே, ஆறு. நீ சூடாத் திம்பியா, ஆறவெச்சுத் திம்பியான்னு வேற என்கிட்ட கேட்டாரு. அடுப்புலேர்ந்து எடுத்ததுமே துணியில சுத்திக் குடுத்தேன்."

கசில்டா வாங்கின ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தத் துணிப்பொட்டலம் வண்டியின் கைப்பிடியிலேயே தொங்கியபடி திரும்பிப் போனதை இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஊரில் எந்த வண்டி எங்கே தட்டினாலும் கேட்கிற காது, அந்த மனுஷன் எதிரே வந்து நின்று சொன்னதைக் கேட்கவில்லையே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. விசில் இல்லை என்று அடித்துச் சொன்னாளே. இல்லைதான். அது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போய் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டாள். நகக்கண்ணில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. தேவாலயத்துக்குப் பின்தெரு வரை நடந்தே போனாள். போகிற வழியில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். ஆணி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லலாம்.

முடிதிருத்தகம் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுவரில் முகக்கண்ணாடி மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சுழல் நாற்காலி இல்லை. தரையில் நான்கு ஆணித்துளைகள் இருந்தன. பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவன் எட்டிப் பார்த்தான்.

"முடி வெட்டணுமா அக்கா?"

"அவரு எங்க?"

"சாந்தா குரூஸ் பட்டணத்துக்குப் போயிட்டாரு. குளிர் ஆரம்பிச்சதும் பையன் லாரியோட வந்துட்டான். தனியா கெடந்து என்ன பண்றீங்கன்னு ஒரே சண்டை. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டிருந்தான், இவருதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாரு. இந்தத் தடவை என்னமோ உடனே சரின்னுட்டாரு."

"வண்டி?"

"சான் ஹவியேர் ஊர்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு. நல்ல விலைக்கெல்லாம் இல்ல. பாத்துக்கற ஆளாப் பாத்துக் குடுத்தாரு."

கசில்டா வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தானியா கூப்பிட்டு, "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தவள், சொல்லாமல் நிறுத்தினாள். பிறகு மூட்டையிலிருந்து நாற்காலித் துளைகள் வரை எல்லாவற்றையும் சொன்னாள். மகள் நடுவில் பேசவே இல்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று இரண்டு முறை "இருக்கியாடி?" என்று கேட்க வேண்டியிருந்தது.

"இருக்கேன்மா. அந்தப் பெரியவர் நம்பர் இருக்கா?"

"அதை எங்க போய்க் கேக்குறது?"

தையல்காரனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எவாரிஸ்டோதான் கூப்பிட்டார், டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். பட்டறைச் சுவரில் பெயின்டால் எழுதியிருந்த நம்பரை ஆணி மாற்றிய அன்றே குறித்துக்கொண்டாராம். மகன் வீடு ஒன்பதாவது மாடி. மருமகள் உப்பே போடாமல் சமைக்கிறாள். பேரனுக்கு முடி வெட்டிவிட்டார். அவன் போனில் ஒரு படத்தைக் காட்டி இந்த மாதிரி வேண்டும் என்றானாம், வெட்டியபிறகு அழுதானாம்.

"ஒரு சத்தம்மா, அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றார். "இங்க லிப்ட்டுல. இருங்க, கேளுங்க."

போனை எங்கேயோ நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். கதவு மூடுகிற ஓசை வந்தது. ஒரு உறுமல். பிறகு நடுவில் க்ரீச்சென்று ஒரு இழுப்பு, மறுபடி உறுமல். கசில்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்த மாடிகிட்ட?"

"ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல."

"எப்பவும் அங்கயே தானா?"

"எப்பவும்."

"அப்ப பெட்டி ஓடற தண்டவாளத்துல அந்த இடத்துல எண்ணெய் காஞ்சிருக்கும்ணே. பயப்பட ஒண்ணும் இல்ல. பாத்துக்கிற ஆளுகிட்ட சொல்லுங்க, தடவி விடுவான்."

"சரிம்மா. சொல்றேன்."

லிப்ட்டை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார் போல, அவர் பக்கத்தில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, அன்னிக்குக் குன்யாப்பே கொண்டு வந்திருந்தீங்களாமே."

"நெமேசியாவுக்கு வாயில பூட்டே கெடையாது."

"நானும் அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலண்ணே."

"ஆறையும் நானேதான் தின்னேன்" என்றார் எவாரிஸ்டோ. "ஓடைப் பாலத்துல வண்டிய நிறுத்திட்டு. நல்லாத்தான் இருந்துச்சு."

"எண்ணெய் போட்டும் நிக்கலன்னா கூப்பிடுங்க" என்றாள் அவள்.

"கூப்பிடறேன்மா."

போன் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். அப்புறம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று, அணைக்காமல் காத்திருக்கிற ஓசை கேட்டதால் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த ஜூன் வரை பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை. சத்தம் நின்றிருக்கும்.